ஒழுகாத குழாயைப் பற்றி ஒரு திருத்தம்

1

ஆங்கிரச வருஷம் தை மாதம், சென்னையிலிருந்து நான் அனுப்பிய குறிப்பு ஒன்று இந்தப் பத்திரிகையில் வெளிவந்தது. நோயாளியான என் மனைவிக்காக ஒரு பழைய இழுவை வண்டியை வீடாக்கி, அதில் நானே தண்ணீர்க் குழாய் பொருத்திய கதை அது. அதன் கடைசி வாக்கியம் இது: "இப்போது அவள் யாரிடமும் கேட்காமல், தன் கையாலேயே குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்கிறாள்."

அந்த வாக்கியம் பிழை. அதைத் திருத்தவே இப்போது எழுதுகிறேன்.

நான் மயிலாப்பூரில் ஓர் அச்சுக்கூடத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். புத்தகத்தில் பிழை நேர்ந்துவிட்டால் கடைசிப் பக்கத்தில் திருத்தம் போடுவோம். யாரும் வாசிப்பதில்லை என்று தெரிந்தும் போடுவோம். ஆனால் என் சொந்தப் பிழையை அறிந்த பிறகும் ஐந்து வருஷம் பேசாமல் இருந்துவிட்டேன். நேற்று முன்தினம், ஈசுர வருஷம் மாசி மாதத் தேய்பிறைச் சஷ்டியன்று, இராசம்மாவின் ஐந்தாவது திவசம். அன்று காலை என் மகள் சொன்ன ஒன்று, இனிப் பேசாமல் இருக்க முடியாதபடி செய்துவிட்டது.

இராசம்மாவின் தாயார் அந்தப் பத்திரிகைத் தாளைச் சேலைப் பெட்டியில் வைத்திருக்கிறார் என்றும், வருகிறவர்களைக் கொண்டு அந்தக் கடைசி வாக்கியத்தை வாசிப்பித்துக் கேட்கிறார் என்றும் அறிவேன். அவருக்கு இதை வாசிக்கப் போகிறவர் தயவுசெய்து மெதுவாக வாசிக்கவும்.

2

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணறு ஆழமானது. துலா மரத்தின் நுனியில் தொங்கும் கயிற்றை இறக்கி, வாளி நிறைந்ததும் ஒரே இழுப்பில் மேலே கொண்டுவர வேண்டும். கலியாணமான புதிதில், பலாமரத்துக்கு இந்தப் பக்கம் புத்தகத்துடன் உட்கார்ந்துகொண்டு, இராசம்மா தண்ணீர் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முழங்கைக்கு மேல் அவள் கை இறுகித் தளர்வது தெரியும். "என்ன பார்வை, வந்து ஒரு வாளி அள்ளுங்கோவன்" என்பாள். நான் அள்ளினால் பாதி வாளி கிணற்றுக்குள்ளேயே சிந்தும். அவள் சிரிப்பாள்.

அந்தக் கைகளைத்தான் கடைசிவரை என் மனத்தில் வைத்திருந்தேன். இந்தத் திருத்தம் முழுவதற்கும் காரணம் அதுதான்.

எங்கள் மகள் பரமேசுவரிக்கு இரண்டு வயதாகும்போது சென்னைக்கு வந்தோம். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் ஓர் அறையும் சமையல் இடமும் கிடைத்தன. முற்றத்தில் கிணறும், பக்கத்தில் நகராட்சிக் குழாயும். ஏழு வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு இராசம்மாவுக்கு இருமல் வந்தது. ஐப்பசியில் டாக்டர் பார்த்துவிட்டுச் சயரோகம் என்றார். தனியே இருக்க வேண்டும், காற்று வேண்டும், பிள்ளையைக் கிட்ட விடக் கூடாது.

ஊருக்குக் கொண்டுபோக நினைத்தேன். கப்பல் ஏறுமுன் மண்டபம் முகாமில் வைத்தியச் சோதனை உண்டு. அங்கே நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தோம். சானடோரியத்தில் அப்போது இடம் இல்லை.

வீட்டுக்காரம்மா கெட்டவர் அல்லர். பரமேசுவரிக்குத் தலை பின்னிவிட்டவர் அவர். ஆனால் மற்றக் குடித்தனக்காரர்கள் பேசத் தொடங்கியதும் அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க. கெணத்துக் கயிறையும் கொழாயையும் அவங்க தொட வேணாம். தண்ணி வேணும்னா ஒரு கொரல் குடுக்கச் சொல்லுங்க, நானே ஊத்தறேன்" என்றார். அப்படியே செய்தார். இராசம்மா செம்பைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போவாள். அவர் தம் சொம்பு இவள் செம்பில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். பாதி தரையில் சிந்தும்.

ஒரு நாள் இராசம்மா என்னிடம் சொன்னாள்: "இஞ்சருங்கோ, இந்த இருமல் வருத்தத்தைத் தாங்கலாம். ஒவ்வொரு முறையும் கேட்டுக் கேட்டுக் குடிக்கிற தண்ணி தொண்டையிலை நிக்குது. எனக்கெண்டு ஒரு குழாய் இருந்தால், ஆரட்டையும் கேளாமல் குடிச்சிட்டுக் கிடப்பன்."

அவள் என்னிடம் அதிகம் எதையும் கேட்டவள் அல்லள். இதை எப்படியும் செய்துகொடுப்பது என்று தீர்மானித்தேன்.

3

ராயப்பேட்டையில் காசிம் பாய் என்பவர் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்தார். எங்கள் அச்சு இயந்திரங்களுக்குப் பல் சக்கரம் கடைந்து தருகிறவர் அவர்தான். பட்டறையின் பின்புறம், ஒரு பயாஸ்கோப் கம்பெனி கைவிட்டுப்போன இழுவை வண்டி கிடந்தது. மோட்டாரின் பின்னால் கொளுவி ஊர் ஊராகப் படக்கருவி ஏற்றிச் சென்ற இரண்டு சக்கரப் பெட்டி. உள்ளே ஒரு கட்டில் போடலாம், ஒருவர் நிமிர்ந்து நிற்கலாம். சீமையில் சிலர் இப்படிப்பட்ட வண்டியில் குடியிருந்து ஊர் சுற்றுவதைச் சஞ்சிகைகளில் படித்திருந்தேன். சாந்தோமுக்குத் தெற்கே, அடையாற்றுப் பக்கமாக ஒரு தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்திக்கொள்ள அதன் சொந்தக்காரர் சம்மதித்தார்.

ஜன்னல் வெட்டுவதும் கூரைக்குத் தகரம் அடிப்பதும் பாயின் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். குழாய் வேலையை நானே செய்வேன் என்றேன். வாசகசாலையிலிருந்து வீட்டுக் குழாய் வேலை பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, பட்டறை மேசையில் விரித்து வைத்துக்கொண்டேன்.

காசிம் பாய் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, புக்கு பாத்து கொழா போடப் போறியா?"

"படம் எல்லாம் தெளிவாக இருக்கிறது, பாய்."

"படத்துல தண்ணி வரும் சார். நம்ம வண்டில வருதான்னு பாப்போம்."

கூரைமேல் நாகத் தகட்டுத் தொட்டி ஒன்று. அதன் அடியிலிருந்து அரை அங்குலக் குழாய் சுவரோரமாக இறங்கி, கட்டில் தலைமாட்டில் ஒரு பித்தளைத் திருகு குழாயில் முடியும். அதன் கீழே ஒரு பீங்கான் தொட்டி. அழுக்குத் தண்ணீர் வெளியே மணலில் தோண்டிய குழிக்குப் போகும். குழாய் முனைகளில் மரை வெட்டி, சணல் சுற்றி, வெள்ளை ஈயப் பசை தடவி முறுக்கினேன். இந்த வேலைக்குப் பன்னிரண்டு மாலைகள் ஆயின. ஒவ்வொரு நாளும் செய்ததை நோட்டுப் புத்தகத்தில் அளவுகளோடு எழுதினேன்.

பதின்மூன்றாம் நாள் தொட்டியை நிரப்பி, மூடியை இறுக்கி, குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. இரண்டு செம்பு நிறைந்ததும் இளைத்து நின்றுவிட்டது. புத்தகத்தைப் புரட்டினேன். குழாயை ஊதினேன். பாய் பீடியைக் காதில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, தொட்டி மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டார். தண்ணீர் பாய்ந்தது.

"காத்து உள்ள போனாத்தான் தண்ணி வெளில வரும் நைனா. அத்த உன் புக்குல போடலியா?"

போட்டிருந்தது. நான் அடுத்த பக்கத்தைப் படித்திருக்கவில்லை.

அதன்பின் ஒரு குறை மட்டும் எஞ்சியது. மூடியிருந்தாலும் திருகு குழாயின் கைப்பிடித் தண்டைச் சுற்றி ஒரு கசிவு. கால் நாழிகைக்கு ஒரு சொட்டு. நல்ல குழாய் சொட்டக் கூடாது என்று புத்தகம் சொல்கிறது. தண்டைச் சுற்றி ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றி, கொழுப்பில் தோய்த்த நூலை உள்ளே சுற்றி, திரும்ப மூடி, ஸ்பானரால் இறுக்கினேன். கசிவு குறைந்தது. இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். நின்றது. பயணத்தில் தளரக் கூடாதென்று மேலும் அரைச் சுற்று.

பாய் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். "கொஞ்சம் டைட்டா கீது சார்."

"ஒழுகக் கூடாது, பாய்."

"ஒழுகாது," என்றார்.

வண்டியைத் தோப்பில் நிறுத்த அனுமதி வேண்டி ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். அங்கிருந்த குமாஸ்தாவிடம், "உங்களோடு ஒரு விஷயம் கதைக்க வேண்டும்" என்று ஊர் வழக்கில் தொடங்கிவிட்டேன். "கதையெல்லாம் அப்புறம் சார், விஷயத்தச் சொல்லுங்க" என்றார். விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "இது வண்டியா, வீடா?" என்று கேட்டார்.

"வண்டிதான். சக்கரம் இருக்கிறது."

"கொழா இருக்குதுன்னு எழுதியிருக்கீங்களே. கொழா இருந்தா வீடு."

"சரி, வீடு என்றே போடுங்கள்."

"வீடுன்னா கதவு நம்பர் வேணும். தோப்புக்கு நம்பர் ஏது? அப்போ வண்டி. வண்டின்னா ஒரே எடத்துல நிக்கக் கூடாது."

மேலதிகாரியிடம் அனுப்புவதாகச் சொன்னார். மழை விட்டதும், மார்கழி முதல் வாரம், அனுமதிக்குக் காத்திராமல் வண்டியைத் தோப்புக்கு இழுத்துச் சென்றோம்.

4

அன்று மாலை இராசம்மாவை மாட்டு வண்டியில் கூட்டிப்போனேன். கட்டிலில் உட்காரவைத்து, "இப்போது பார்" என்று குழாயை நானே திறந்து காட்டினேன். செம்பு நிறைந்தது. மூடினேன். குழாய் வாயில் ஒரு துளிகூடத் தொங்கவில்லை.

அவள் குழாயையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "வடிவாய்ச் செய்திருக்கிறியள்" என்றாள். இனிக் குடம் எதற்கு என்று கொண்டுவந்திருந்த குடத்தைத் திரும்ப எடுத்துப்போனேன்.

அந்த ஒன்பது வாரமும் ஒரே ஒழுங்குதான். இரவில் நான் தோப்பில் பாய் போட்டுப் படுப்பேன். காலையில் தோப்புக் கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்பி, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு அச்சுக்கூடம் போவேன். பொழுது சாயத் திரும்புவேன். பரமேசுவரி வீட்டுக்காரம்மாவிடம் இருந்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமை காலை மட்டும் அவளை அழைத்துவந்து தோப்பில் விட்டுப் போவேன். அச்சுக்கூடத்தில் அரை நாள் வேலை முடிந்து நான் வரும்வரை அங்கேயே இருப்பாள். வண்டிக் கதவிலிருந்து பத்து அடி தூரத்தில் ஒரு தென்னங்கட்டை கிடந்தது. அதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அடி விழும் என்று சொல்லியிருந்தேன். நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை.

வந்ததும் கேட்பேன்: "குழாய் எப்படி?"

"ஒரு சொட்டும் ஒழுகேல்லை."

பிறகு செம்பை நீட்டுவாள். "நீங்களே திறந்து தாங்கோ. உங்கடை கையாலை திறந்தால் ருசி." இதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். அதில் அன்பும் இருந்தது.

நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகளாகக் கோடு போட்டிருந்தேன்: கிழமை, தொட்டியில் தண்ணீர் இறங்கிய அளவு, ஒழுக்கு. காலையில் புறப்படும்போது ஒரு குச்சியை விட்டு அளப்பேன், மாலையில் மறுபடி அளப்பேன். நாள்தோறும் முக்கால் அங்குலம் இறங்கியிருக்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளுடைய ஒழுங்கைக் கண்டு மகிழ்ந்தேன். தை மாதம் மூன்று நாள், வியாழன், வெள்ளி, சனி, தண்ணீர் இறங்கவே இல்லை. அந்த மூன்று கட்டங்களிலும் என் கையெழுத்தில் இருப்பது இது: "செலவு இல்லை. கஞ்சியே போதுமாயிருந்தது போலும். மாலையில் மூன்று செம்பு குடித்தாள்."

அடுத்த திங்கட்கிழமைதான் உங்களுக்கு அந்தக் குறிப்பை எழுதி அனுப்பினேன்.

மாசியில் அவள் போய்விட்டாள். அதைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை.

5

பதினாறு நாள் கழிந்ததும், வண்டியைக் காசிம் பாயிடம் திருப்பிக் கொடுப்பதற்காகத் தோப்புக்குப் போனேன். கட்டிலை நகர்த்தியபோது கீழே ஒரு மண் கலயம் இருந்தது. நான் வாங்கியது அல்ல. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கும் அந்தோணியம்மாள் வந்து வாசலில் நின்றாள். அவளைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

"அது என்து சாமி. நான்தான் குடுத்தேன்."

"எதற்கு?"

"தண்ணி புடிச்சி வெக்கத்தான். மீனு வித்துட்டு வரச்சொல்ல டெய்லி எட்டிப் பாப்பேன். கொழாய நான்தான் தொறந்து வுடுவேன். செம்பு ஒண்ணு, கலயம் ஒண்ணு. அந்தம்மாவுக்குக் கையில சீவன் ஏது? ரெண்டு கையாலயும் புடிச்சித் திருவிப் பாத்துச்சி. நவுரல."

நான் கலயத்தைக் கீழே வைத்தேன்.

"என் வூட்டுக்காரனையும் இதே நோவுதான் தூக்கினு போச்சி. எனுக்கு இன்னா பயம். கொரல் வுட்டா ஓடியாருவேன்."

"என்னிடம் அவள் சொல்லவே இல்லையே?"

"சொல்லிடாதன்னு என்கிட்டயும் சத்தியம் வாங்கிச்சி. பன்னெண்டு நாளு குந்திக்கினு செஞ்சாரு, மனசு ஒடிஞ்சி பூடுவாருன்னுச்சி." போகத் திரும்பியவள், "நடுவுல மூணு நாளு நான் காய்ச்சல்ல படுத்துட்டேன் சாமி. அப்போ இன்னா பண்ணுச்சோ" என்றாள்.

அவள் போன பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முக்கால் அங்குலம், முக்கால் அங்குலம், முக்கால் அங்குலம். ஒரு செம்பும் ஒரு கலயமும். தாகம் ஒரு நாளைப் போல் மறுநாள் இருக்காது என்பது யாருக்கும் தெரியும். எழுத்துப் பிழை கண்டுபிடித்துச் சாப்பிடுகிறவன், என் கையால் எழுதிய ஐம்பது வரியை ஒவ்வொரு மாலையும் பார்த்தும் அதை வாசிக்கவில்லை. பிறகு அந்த மூன்று நாள். வியாழன், வெள்ளி, சனி.

குழாயைத் திருகிப் பார்த்தேன். என் கைக்கு அது எளிதாகத்தான் திரும்பியது. இடது கையின் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மட்டும் கொண்டு திருகிப் பார்த்தேன். அசையவில்லை. அரைச் சுற்று தளர்த்தியிருந்தால் போதும். சொட்டியிருக்கும். கால் நாழிகைக்கு ஒரு சொட்டு.

வண்டி நிறுத்த அனுமதி சித்திரையில் தபாலில் வந்தது. குடியிருப்போர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

6

பரமேசுவரிக்கு இப்போது பதினான்கு வயது. வீட்டிலும் பள்ளியிலும் இந்த ஊர்ப் பேச்சுத்தான் பேசுகிறாள். நான் யாழ்ப்பாணத் தமிழில் கேட்டால் இந்த ஊர்த் தமிழில் பதில் வரும். என்னோடு பேசுவதே குறைவு. அது வயதின் குணம், ஊரின் குணம் என்று எண்ணியிருந்தேன். புலம்பெயர்ந்த பெற்றோர் எல்லாரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் குறைதானே என்று ஆறுதல்பட்டதும் உண்டு.

அதே சந்தில் அதே வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம். முற்றத்துக் குழாய் சில மாதமாகச் சொட்டுகிறது. திவசத்தன்று காலை, படையலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"அப்பா, இந்தக் கொழா சொட்டிக்கினே கீது. வீட்டுக்காரம்மா டெய்லி என்னைத்தான் கேக்கறாங்க. ஸ்பானர் வெச்சிருக்கியே, கொஞ்சம் இறுக்கேன்."

"சொட்டட்டும்."

"ஏன்? உனக்குத் தெரியாத கொழா வேலையா? புக்கெல்லாம் பாத்துப் பண்ணியே."

"இறுக்க மாட்டேன், பிள்ளை."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எனக்குத் தெரியும். அம்மாவால அதைத் தொறக்க முடியல. ஒரு சனிக்கெழம ஜன்னல்கிட்ட வந்து நின்னு கூப்பிட்டாங்க." பிறகு, ஐந்து வருஷமாக அவள் வாயில் நான் கேட்காத தமிழில், தாயின் குரலிலேயே சொன்னாள்: "'பரமு, ஒருக்கா வந்து இதைத் திறந்துவிடு பிள்ளை. ரெண்டு நாளாய்த் தொண்டை காயுது.'"

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"நான் கட்டைகிட்டப் போனேன். தாண்டல. அப்பா அடிப்பார்னு சொன்னேன். அம்மா சிரிச்சாங்க. 'சரி, வேண்டாம், அங்கையே நில். பள்ளிக்கூடத்திலை என்ன படிச்சனி, சொல்லு கேப்பம்' எண்டு கேட்டவ. நான் வாய்ப்பாடு சொன்னேன். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் சொன்னேன். நீ வர்ற வரைக்கும்." குடத்தின் விளிம்பைத் துடைத்தாள். "நான் போயிருந்தா குடிச்சிருப்பாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. சொல்லல."

அந்தோணியம்மாள் சொன்னதை எல்லாம் அவளிடம் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து அந்த மூன்று கட்டங்களையும் காட்டினேன். குழாயைப் பொருத்தியது நான், இறுக்கியது நான், கட்டையைக் கோடாக வைத்தது நான் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஒன்பது வயதில் ஏறிய எடை ஒரு காலைப் பேச்சில் இறங்காது. அச்சில் வந்தால் ஒருவேளை நம்புவாள். நான் திருத்திய எழுத்தை அவள் எப்போதும் நம்பியிருக்கிறாள்.

ஆகவே, பழைய இதழை வைத்திருப்பவர்கள், முக்கியமாக இராசம்மாவின் தாயார், அந்தக் குறிப்பின் கடைசி வாக்கியத்தை இப்படித் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்:

"அவள் கேட்டுத்தான் தண்ணீர் குடித்தாள். கேட்கவைத்தவன் நான். பிள்ளை சொன்ன இடத்தில் நின்றாள்."

முற்றத்துக் குழாயின் கீழ் ஒரு செம்பு வைத்திருக்கிறேன். விடியும்போது நிறைந்திருக்கிறது.